தாத்தாவின் பேனாக்கத்தி எந்தக் காலத்தது?

பழைய டப்பாவைக் கிளறும்போது தாத்தாவின் பேனாக்கத்தி கிடைத்தால் பலரும் உடனே அதைத் துலக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதி அடையாளம் அங்கேயே போய்விடும். புளி, எலுமிச்சை, செங்கல் தூள், சாம்பல், உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதையும் எடுக்காதீர்கள். சில கம்பெனிகள் அலகின் முகத்தில் அமிலத்தால் அரித்துப் பெயர் போட்டிருக்கும். அதற்கு ஆழமே கிடையாது, உப்புத்தாள் ஒரு முறை பட்டால் போயிற்று. இரும்பில் கருநீலமாகவும் சாம்பல் நிறமாகவும் படிந்திருப்பது துரு அல்ல. பல வருஷம் பழமும் காயும் நறுக்கியதில் ஏறிய கறை அது, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு.

உறுப்புகளின் பெயரை முதலில் வைத்துக்கொள்வோம். வெட்டும் தகடு அலகு. அது பிடிக்குள் நுழையும் இடத்தில் கூர் இல்லாத ஒரு சின்னச் சதுரம் இருக்கும், அதை அலகின் அடி என்போம். கத்தியின் ஜாதகம் அந்தச் சதுரத்தில்தான் இருக்கிறது. பிடியின் இரு பக்கமும் ஒட்டிய எலும்போ கொம்போ பக்கப்பட்டை. அதற்குள்ளே பித்தளையிலோ இரும்பிலோ உள்தகடு. பிடியின் முனைகளில் உள்ள உலோகம் பூண். முதுகில் அலகை இழுத்துப் பிடிப்பது ஸ்பிரிங். நகத்தை விட்டு அலகைத் திறக்கும் கீறல் நகப்பள்ளம்.

திறக்காத கத்தி

முப்பது நாற்பது வருஷம் மூடியே கிடந்த கத்தியை நகத்தால் இழுத்தால் நகம் போகும், குறட்டால் இழுத்தால் நகப்பள்ளத்தின் விளிம்பு பிய்யும். அலகு சுழலும் ஆணியின் இரு பக்கமும், ஸ்பிரிங்கை ஒட்டிய இடுக்கிலும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிப் பூட்டிக்கொள்ளும். மறுநாள் பிடியைத் தடித்த துணியில் சுற்றிப் பிடித்து, அலகை ஒரு மில்லிமீட்டர் அசைத்து, மூடி, மறுபடி அசையுங்கள். கறுப்பு எண்ணெய் வெளியே வரும், துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். மூன்று நான்கு நாள் ஆனாலும் ஆகட்டும். ஒரே மூச்சில் திறக்கப் பார்த்தால் துருப்பிடித்த ஸ்பிரிங் நடுவில் முறியும், அதற்கு மாற்று ஸ்பிரிங் கடையில் கிடைக்காது. கத்தியை முழுசாக மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதும் தப்பு. பக்கப்பட்டை என்ன பொருள் என்று தெரியாதவரை அதில் எந்தத் திரவமும் படக்கூடாது.

எழுத்தைப் படிப்பது

அலகின் அடியை எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி, பல்குத்தும் குச்சியால் அழுக்கை மட்டும் நெம்புங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை அலகுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பும். அப்போதும் தெரியாவிட்டால் முகப் பவுடரைத் தடவித் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை தங்கும். நகைக்கடையில் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது.

ஒவ்வொரு அலகையும் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனிப் பெயரும் மறுபக்கம் மாடல் எண்ணும் இருப்பது வழக்கம். கிடைத்ததை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பாதி எழுத்துதான் தெரிகிறது என்றால் பாதியை மட்டும் எழுதி மீதிக்குக் கோடு போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ‘ராட்ஜர்ஸ்’ என்ற கம்பெனிப் பெயரில் ஆங்கில ‘டி’ எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் மொத்தக் கதையும் மாறும்.

இந்த வேலை முழுக்க ஒரே விதியில் நிற்கிறது: கத்தியின் வயதைச் சொல்வது அதிலுள்ள மிகப் பழைய அடையாளம் அல்ல, மிகப் புதிய அடையாளம். இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊரான ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 1682இல் பதிவான குறி. ஜெர்மனியின் கத்தி ஊரான சோலிங்கனில் ஹெங்கல்ஸ் கம்பெனியின் இரட்டையர் குறி 1731ஆம் வருஷத்தது. இதைப் படித்துவிட்டு ‘முந்நூறு வருஷப் பழைய கத்தி’ என்று விற்பனைக்கு வைப்பவர்கள் நிறைய. குறி அவ்வளவு பழசு, கத்தி அப்படியல்ல.

ஷெஃபீல்டு

சென்னை மாகாணத்திலும் இலங்கைத் தோட்டங்களிலும் மலாயாவிலும் பிரிட்டிஷ் காலத்தில் புழங்கிய நல்ல பேனாக்கத்திகளில் ஷெஃபீல்டு சரக்கு அதிகம். அதனால் தமிழ்க் குடும்பத்துக் கத்தி என்றால் முதலில் இந்தப் பெயரைத் தேடுங்கள்.

ராட்ஜர்ஸ் 1822 முதல் அரச குடும்பத்துக்குக் கத்தி கொடுத்த கம்பெனி. அதனால் அலகின் அடியில் நடுவே கிரீடமும் இரு பக்கமும் ஆள்பவரின் எழுத்தும் இருக்கும். ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ‘இ ஆர்’ ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. ‘ஜி ஆர்’ என்றால் ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ, 1910க்குப் பிறகு. நான்காம் ஜார்ஜும் ‘ஜி ஆர்’தான், ஆனால் அவர் காலம் 1830இல் முடிந்துவிட்டது, அந்தக் காலக் கத்தி வீட்டு டப்பாவில் கிடைப்பது அபூர்வம். இன்னொன்று: எழுத்து கீழெல்லையைத்தான் தரும், அதாவது கத்தி அதற்கு முந்தியதல்ல என்று மட்டும் சொல்லும். அரசர் மாறினால் அச்சை அன்றைக்கே தூக்கிப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஜார்ஜ் வோஸ்டன்ஹோமின் கத்தியில் ஐ, ஒரு நட்சத்திரம், பிறகு எக்ஸ் எல் என்று இருக்கும். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் ‘நான் மிஞ்சுகிறேன்’ என்று ஒலிக்கும் சிலேடை. 1971இல் ராட்ஜர்ஸும் வோஸ்டன்ஹோமும் ஒரே கம்பெனியாயின. இரண்டு பெயரிலும் அதன் பிறகும் கத்தி வந்திருக்கிறது, ஆகவே பெயர் மட்டும் எதையும் நிரூபிக்காது.

ஊர்ப்பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதும் சாட்சி. அமெரிக்காவில் 1890ஆம் வருஷத்து மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால்தான் வெறும் ‘ஷெஃபீல்டு’ என்றால் 1891க்கு முன், ‘ஷெஃபீல்டு, இங்கிலாந்து’ என்றால் பின் என்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள். நம் வீட்டுக் கத்திக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. சென்னைக்கோ கொழும்புக்கோ வந்த ஷெஃபீல்டு கத்தியை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை, நாட்டின் பெயர் இல்லாமலே பின்னாளிலும் வந்திருக்கும். ‘இங்கிலாந்து’ இருந்தால் அது ஒரு சாட்சி, இல்லாவிட்டால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘மேட் இன் இங்கிலாந்து’ பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு.

ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தது 1913இல். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் அலகில் இருந்தால் மற்ற குறிகள் என்ன சொன்னாலும் கத்தி அதற்குப் பிந்தியது. காந்தம் வைத்து ஸ்டெயின்லெஸ்ஸா என்று சோதிப்பது வீண், கத்திக்குப் போடும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும்.

‘ஆர்.டி. நம்பர்’ என்று ஆறு இலக்கம் வரை ஓர் எண் இருந்தால் அது பிரிட்டனில் 1884இல் தொடங்கிய வடிவமைப்புப் பதிவு எண். 1890 தொடக்கத்தில் சுமார் 1,41,000, 1900 தொடக்கத்தில் சுமார் 3,51,000. வடிவம் பதிவான வருஷம்தான் அது, செய்த வருஷம் அதற்குப் பின் எதுவாகவும் இருக்கலாம்.

வருஷத்தைத் துல்லியமாகச் சொல்லும் கத்தி ஒன்று உண்டு, அதைத்தான் ‘மொக்கை’ என்று ஒதுக்குவார்கள். முத்துச்சிப்பிப் பிடி, மெல்லிய வெண்மையான அலகு, கூரே இல்லை என்றால் அது வெள்ளி அலகு போட்ட பழக்கத்தி. இரும்பு பட்டால் பழம் கறுத்து ருசி மாறும் என்பதற்காக வெள்ளியில் செய்தது. அலகில் நடக்கும் சிங்கமும், வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் ஷெஃபீல்டு முத்திரைச் சாலையின் கிரீடமும், ஓர் ஆங்கில எழுத்தும் வரிசையாக இருக்கும். அந்த எழுத்து வருஷக் குறி. ஷெஃபீல்டு முத்திரை அட்டவணையில் எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் பொருத்தினால் வருஷம் வந்துவிடும். 1975 முதல் கிரீடத்துக்குப் பதில் ரோஜா.

ஜெர்மனியும் மற்றவையும்

1887இல் பிரிட்டனிலும் 1889இல் இந்தியாவிலும் வந்த வணிகக் குறிச் சட்டங்கள், அயல்நாட்டுச் சரக்கு ஆங்கிலச் சரக்குபோல வேஷம் போடுவதைத் தடுக்க வந்தவை. ஜெர்மனி என்ற பெயர் கத்தியில் பரவலானது அதையொட்டித்தான். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவே. சோலிங்கன் என்ற ஊர்ப்பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கே உரியதாக்கிச் சட்டம் வந்தது 1938இல்.

சிவப்புப் பிடியில் சிலுவை போட்ட சுவிஸ் கத்தியில் அடியெழுத்து ‘விக்டோரியா’ என்று மட்டும் இருக்கிறதா, ‘விக்டோரினாக்ஸ்’ என்றா என்று பாருங்கள். அந்தக் கம்பெனியின் எல்செனர் குடும்பம் தன் கத்திக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தது 1909இல், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்தது 1921இல். ‘வெங்கர்’ வேறு கம்பெனி, 2005இல் விக்டோரினாக்ஸ் அதை வாங்கியது. மரப்பிடியும் ஒற்றை அலகுமான பிரெஞ்சு ஓப்பினெல்லில், பெரிய அளவுகளில் பிடியின் கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் இருந்தால் 1955க்குப் பிந்தியது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1945க்கும் 1952க்கும் நடுவே.

அமெரிக்காவில் உள்ள உறவினர் வழியாக ‘கேஸ்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் கத்தி வந்திருந்தால் வேலை சுலபம். 1970இல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அந்த வரிசையில் ஏழு புள்ளி என்றால் 1973. மாடல் எண்ணின் முதல் இலக்கம் பிடியின் பொருள், இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை: 6254இல் 6 குழி செதுக்கிய எலும்பு, 2 இரண்டு அலகு.

பட்டாளத்துக் கத்தி

கறுப்புப் பிடியில் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு, முனை மழுங்கிய அகல அலகு, டின் ஓப்பனர், முதுகுப்பக்கம் விரல் நீளத்தில் ஒரு தடித்த முள், தொங்கவிட ஒரு வளையம். இது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ராணுவ மடக்குக்கத்தி. முள் ஆயுதமல்ல, கயிற்று முடிச்சை நெகிழ்த்தவும் புரி பிரிக்கவும் வந்தது. அது இல்லாத வகையும் உண்டு.

அலகின் அடியிலும் பூணிலும் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தேடுங்கள், அது அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். அம்புக்குக் கீழே ‘ஐ’ எழுத்து இருந்தால் இந்திய ராணுவத் தளவாடம். ‘சி’க்குள் அம்பு கனடா, இரண்டு ‘டி’க்கு நடுவே அம்பு ஆஸ்திரேலியா. பக்கத்திலேயே வருஷமும் பல கத்திகளில் இருக்கும். தாத்தா பர்மாவிலோ வட ஆப்பிரிக்காவிலோ இருந்தவர் என்றால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள வருஷங்களோடு இதை வைத்துப் பாருங்கள். முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸாகவும் 7340-99 என்று தொடங்கும் நீண்ட எண்ணோடும் இருந்தால் போருக்குப் பிந்தியது. அது நேட்டோ சரக்கு எண், 99 பிரிட்டனுக்கு உரியது.

என்ன வேலைக்கு வந்த கத்தி

எழுத்து முழுக்கத் தேய்ந்த கத்தியில் அலகின் வடிவம் பேசும். கிளி மூக்குபோல வளைந்த ஒற்றை அலகு செடி கவாத்துக்கு. பிடியின் கடைசியில் எலும்பு மெல்லிசாகத் தட்டையாக நீண்டிருந்தால் அது மொட்டு ஒட்டும் கத்தி. பட்டையைக் கீறிய பின் தோலைக் கிழிக்காமல் நெம்ப அந்த எலும்பு நாக்கு. தோட்ட நாற்றங்காலில் வேலை பார்த்தவர் வீட்டில் இது கிடைத்தால் ‘கடிதம் பிரிக்கும் கத்தி உடைந்துவிட்டது’ என்று போட்டுவிடாதீர்கள். வெள்ளைப் பிடியும் இரண்டு அலகும் கொண்ட மெலிந்த கத்தி ஆபீஸ் குமாஸ்தாவுடையது. காகிதத்தில் விழுந்த மையைச் சுரண்ட ஓர் அலகு, பென்சில் சீவ ஓர் அலகு. கொக்கிபோல மடங்கிய தடித்த கம்பி குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க.

பிடி என்ன பொருள்

வெள்ளைப் பிடியை எல்லாரும் தந்தம் என்பார்கள். லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகளும் குட்டிக் கோடுகளும் தெரிந்தால் எலும்பு, இரத்த நாளம் ஓடிய துளைகள் அவை. தந்தத்தில் துளை இருக்காது. நீளவாக்கில் மெல்லிய அலைக்கோடும், குறுக்குவெட்டு தெரியும் ஓரத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைவுகளும் இருக்கும். இரண்டுமே இல்லாமல் மொழுமொழுவென்றிருந்தால் செல்லுலாய்டோ வேறு பிளாஸ்டிக்கோ.

எருமைக் கொம்பில் வெளிச்சத்துக்கு எதிரே நார்போன்ற கோடு தெரியும். அதில் பூச்சி அரித்த வாய்க்கால் இருந்தால் கவலையோடு ஒரு சந்தோஷமும் உண்டு, பிளாஸ்டிக்கைப் பூச்சி தின்னாது. மான் கொம்பு ஒவ்வொரு பக்கமும் வேறு மாதிரி மேடு பள்ளமாக இருக்கும். இரண்டு பக்கமும் குழிவரிசை அச்சடித்ததுபோல ஒன்றாக இருந்தால் அது வார்த்த பிளாஸ்டிக். நம் காட்டுக் கடமானின் கொம்புதான் ஷெஃபீல்டுக்கும் சோலிங்கனுக்கும் கப்பலேறிப் பிடியாகித் திரும்பி வந்தது.

பூண் வெள்ளிபோல இருந்தால் மகிழ வேண்டாம். லேசான மஞ்சள் சாயலோடு காந்தம் ஒட்டாமல் இருந்தால் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த ஜெர்மன் சில்வர், அதில் துளி வெள்ளி இல்லை.

செல்லுலாய்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆமையோடு மாதிரி, முத்துச்சிப்பி மாதிரி, வண்ணக் கோடு கோடாக இருக்கும் பழைய பிடிகள் பெரும்பாலும் இதுதான். கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் சூடம் மணக்கும், செல்லுலாய்டே சூடம் சேர்த்துச் செய்தது. சூடான ஊசி வைத்துச் சோதிக்கவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். பழசாகும்போது இது அமிலப் புகை விடும். பிடியை ஒட்டிய பகுதியில் மட்டும் அலகு துருவேறி, பித்தளை பச்சை பூத்து, பிடியில் வலைபோல வெடிப்பு விழுந்தால் அந்தப் பிடி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிய டப்பாவில் பக்கத்தில் கிடக்கும் நல்ல கத்திகளையும் அது கெடுக்கும். இன்றைக்கே தனியாக எடுத்து, காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கலப்படம்

இரண்டு அலகிலும் வேறு வேறு கம்பெனிப் பெயர், அலகு துருவேறிக் கிடக்க ஸ்பிரிங் மட்டும் சுத்தம், பழைய பிடியில் பளிச்சென்ற புது ஆணித் தலை. இதில் ஏதாவது தெரிந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். சாணை பிடித்துத் தேய்ந்ததையும் கணக்கில் எடுங்கள். அடியருகே அகலமாகத் தொடங்கிச் சட்டென்று படி இறங்கி ஒடுங்கினால் அலகு பாதி போய்விட்டது, அதன் இப்போதைய வடிவத்தைப் படங்களோடு ஒப்பிட்டு மாடல் தேடினால் தப்பான இடத்துக்குப் போவீர்கள். மூடிய நீளம் மாறாது, அதை வைத்துத் தேடுங்கள்.

ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூடிய நீளம் 88 மி.மீ., இரண்டு அலகு, வெள்ளைப் பிடி. இரண்டு அலகின் அடியிலும் நட்சத்திரம், சிலுவை, ஜி-கிரீடம்-ஆர், ‘ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு’. நாட்டின் பெயர் இல்லை, ‘ஸ்டெயின்லெஸ்’ இல்லை, பிடியில் மிளகுப் புள்ளி. 1682ஐ விடுங்கள். நாட்டின் பெயர் இல்லாததிலிருந்து ஒன்றும் வராது. ஸ்டெயின்லெஸ் இல்லாததிலிருந்தும் வராது, கார்பன் எஃகு அலகு அதன் பிறகும் வெகுகாலம் வந்தது. மிச்சமிருக்கும் சாட்சி ‘ஜி ஆர்’, ஆகவே 1910க்குப் பிறகு. மேலெல்லையைக் கத்தி சொல்லாது, வீடு சொல்லும். தாத்தா 1946இல் வேலையில் சேர்ந்தபோதே இது கையில் இருந்தது என்று பாட்டிக்கு நினைவிருந்தால், ‘1910–1946, எலும்புப் பிடி, ஆபீஸ் கத்தி’ என்று எழுதுங்கள். ‘1910’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

வைப்பதும் விற்பதும்

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பித்தளையைப் பச்சையாக்கும். அலகில் மெஷின் எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தந்தமோ மான் கொம்போ என்று சந்தேகம் இருந்தால் விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ நினைக்குமுன் வனத்துறையில் கேளுங்கள், 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தொடும். ஆயுதச் சட்ட விதிகள் பேசுவது வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகைத்தான். பேனாக்கத்தி அந்த அளவைத் தொடாது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள், லக்கேஜில் போடுங்கள்.

தெரிந்தவர் யாரிடமாவது காட்டிக் கேட்பதென்றால் நாலு படம் போதும்: எல்லா அலகும் திறந்து ஸ்கேலோடு ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, முதுகு ஸ்பிரிங் தெரிய ஒன்று, அலகின் அடி மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. ஃபிளாஷ் போட்டால் எழுத்து வெள்ளையாகப் பூத்துவிடும்.